விலாசம் இல்லாத சுலோகம்

நிச்சயதார்த்தப் பந்தியில் ரசம் வந்துகொண்டிருந்த நேரம். பேச்சு எங்கெங்கோ சுற்றி அகலிகையிடம் வந்து நின்றது. "கல்லாப் போன்னு கௌதமர் சபிச்சது வால்மீகியிலேயே இருக்கே" என்றார் சம்பந்தி. சமயப் புத்தகங்களுக்கு 31 வருஷம் புரூஃப் பார்த்தவன் என்பதால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டேன். எதிர் வரிசையில் இடது கையால் போனைத் தடவிக்கொண்டிருந்த தங்கை மகள், "மாமா, இதுல கல்லே வரலையே" என்றாள்.

வீட்டுக்கு வந்து பாலகாண்டத்தை எடுத்தேன். வரவில்லைதான். காற்றே ஆகாரமாக, சாம்பலில் படுத்து, எந்த உயிரின் கண்ணுக்கும் படாமல் இந்த ஆசிரமத்திலேயே கிட என்பதுதான் அங்கே சாபம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிப்புக்கு இரண்டு தடவை புரூஃப் பார்த்தவன் நான். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்த கண் கதையைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கூடிப் படிக்கும் எங்கள் ஏழெட்டுப் பேருக்கும் அது தொற்றிவிட்டது. யாராவது "சாஸ்திரத்துல இருக்கு", "வேதத்துலயே சொல்லியிருக்கு" என்றால் தலையாட்டுவதும் இல்லை, மல்லுக்கு நிற்பதும் இல்லை. விலாசம் கேட்கிறோம். எந்த நூல், எந்த இடம், யார் வாயிலிருந்து வருகிறது, அசலா வழியில் சேர்ந்ததா? நீங்களும் செய்து பார்க்கலாம். சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; நல்ல மொழிபெயர்ப்பும் ஒரு நோட்டும் போதும்.

முறை என் சொந்தச் சரக்கு இல்லை. "ஆக்கியோன் பெயரே வழியே எல்லை நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே கேட்போர் பயனோடு ஆயெண் பொருளும்" என்று நன்னூல் பாயிரத்தில் வருகிறதே, பள்ளிக்கூடத்தில் உருப்போட்டு மறந்த அந்தச் சூத்திரம்தான். ஒரு நூலைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகளைப் பவணந்தியார் அடுக்கிவிட்டார். காலம், களம், காரணம் என்று இன்னும் மூன்றைச் சேர்ப்பாரும் உண்டு என்று அடுத்த சூத்திரத்திலேயே சொல்கிறார். நமக்குப் பதினொன்றும் வேண்டாம். நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: நூலும் பதிப்பும்; இடம்; யார் யாரிடம் சொல்வது; வழி. வழி என்றால் முதல்நூலா, வழிநூலா, உரைகாரர் சொன்னதா, காதால் கேட்ட கதையா என்பது.

அகலிகையை வைத்தே நிரப்பிக் காட்டுகிறேன்.

முதல் வரி: வால்மீகி, பாலகாண்டம், 48, 49ஆம் சர்க்கங்கள், அதாவது அத்தியாயங்கள். சொல்பவர் விசுவாமித்திரர், கேட்பவர்கள் ராமலட்சுமணர், மிதிலைக்குப் போகும் வழி. முனிவர் வேஷத்தில் வந்திருப்பவன் இந்திரன்தான் என்று அகலிகைக்குத் தெரிகிறது. தேவராஜன் என்ற குதூகலத்தில் இசைகிறாள். சாபம் தீர்ந்து அவள் கண்ணுக்குத் தெரிந்ததும் ராமலட்சுமணர் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். நம் மனசில் இருக்கும் படம் இதற்கு நேர் தலைகீழ். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: பரோடா ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பில் இதே பகுதி 47, 48ஆம் சர்க்கங்கள். பதிப்பின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் குறித்தால், தெருப் பெயர் இல்லாமல் கதவு எண் எழுதின மாதிரி.

இரண்டாவது வரி: அதே வால்மீகி, உத்தரகாண்டம். இங்கே சொல்பவர் பிரம்மா, கேட்பவன் சாட்சாத் இந்திரன். ராவணன் மகன் மேகநாதனிடம் தோற்றுக் கட்டுப்பட்டு மீண்ட பிறகு, "உனக்கு இந்த அவமானம் ஏன் வந்தது தெரியுமா?" என்று பழைய கணக்கை எடுக்கிறார். பரவலாகக் கிடைக்கும் பதிப்புகளில் இந்த இடத்தில் அகலிகை, உங்கள் உருவத்தில் வந்ததால் தெரியாமல் ஏமாந்தேன், ஆசைப்பட்டுச் செய்யவில்லை என்று கௌதமரிடம் முறையிடுகிறாள். ஒரே நூல், ஒரே பெண். ஒரு காண்டத்தில் தெரிந்து இசைந்தவள், இன்னொன்றில் தெரியாமல் ஏமாந்தவள். பாலகாண்டத்தின் பெரும்பகுதியும் உத்தரகாண்டமும் பின்னால் சேர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், "வால்மீகி சொன்னார்" என்று மொட்டையாகச் சொல்ல இனி வாய் வராது.

மூன்றாவது: கம்பன், பாலகாண்டம், அகலிகைப் படலம். கல் இங்கே இருக்கிறது. ராமன் பாதத்தூளி பட்டு எழுகிறாள். "கைவண்ணம் அங்குக் கண்டேன், கால்வண்ணம் இங்குக் கண்டேன்" என்ற வரியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு கதையே ஏறாது. சம்பந்தியின் கல் இங்கிருந்துதான் வந்தது. ஆனால் கம்பன் அகலிகையை முழுக்க விடுவிக்கவும் இல்லை. "உணர்ந்தனள், உணர்ந்த பின்னும் தக்கது அன்று என்ன ஓராள்" என்கிறான். முதலில் தெரியாது, நடுவில் தெரிந்தது, தெரிந்தும் விலகவில்லை. வால்மீகியின் இரண்டு காண்டங்களுக்கும் இடையில் ஒரு மூன்றாவது இடம். தேவபாடையில் இக்கதை செய்த மூவரில் முந்தியவர் உரைப்படி பாடுகிறேன் என்று பாயிரத்தில் சொன்னவர்தான் இதைச் செய்கிறார். நன்னூல் கணக்கில் வழிநூல் என்றால் இதுதான்: முதல்நூலை ஒத்து, வேண்டிய இடத்தில் வேறுபடுவது.

நோட்டு முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பரிபாடலைப் பிரித்து வைத்தார். 19ஆம் பாடல், திருப்பரங்குன்றம். மலையில் எழுதியிருக்கும் சித்திரங்களை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள்: "இந்திரன், பூசை: இவள் அகலிகை, இவன் சென்ற கவுதமன், சினன் உறக் கல் உரு ஒன்றிய படி இது." பூசை என்றால் பூனை. கம்பனுக்குப் பல நூற்றாண்டு முன்பே, மதுரைப் பக்கத்தில் ஒரு சுவரில் கல் இருந்திருக்கிறது! கல் கம்பனுடைய கற்பனை என்று அதற்கு முந்தின வாரம்தான் நான் அடித்துச் சொல்லியிருந்தேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, விரலை மட்டும் வரியில் வைத்துக் காட்டினார்.

ஒரே ஒரு கதைக்கு இவ்வளவு செய்துவிட்டால் கை பழகிவிடும். அடுத்ததற்குப் பத்து நிமிஷம் போதும்.

மூன்றாவது கட்டத்தை, அதாவது யார் யாரிடம் சொல்வது என்பதை, எல்லோரும் தாவிவிடுகிறார்கள். ஏமாறும் இடமும் அதுதான். "செத்தவன் சாப்பிடுவானா? சிராத்தச் சோறு வீண். இங்கே ஒருவன் சாப்பிட்டால் அது எங்கோ இருக்கிறவன் வயிற்றுக்குப் போகும் என்றால், வெளியூர் போகிறவனுக்கு இங்கேயே சிராத்தம் செய்துவிடலாமே, கட்டுச்சோறு எதற்கு?" இது ராமாயணத்தில் இருக்கிறதா? இருக்கிறது. அயோத்தியா காண்டம், 108ஆம் சர்க்கம். "ராமாயணமே சிராத்தம் வேண்டாம் என்கிறது" என்று இதை மேடையில் வீசலாம். ஆனால் பேசுவது ஜாபாலி. காட்டிலிருந்து ராமனைத் திருப்பி அழைத்துப்போக வந்த கூட்டத்தில் ஒருவர். ராமன் கோபத்தோடு மறுக்கிறான், ஜாபாலியே பின்வாங்குகிறார், ராமனைத் திருப்புவதற்காக அப்படிப் பேசினார் என்று வசிஷ்டர் சமாதானம் சொல்கிறார். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை: "அப்படியெல்லாம் ராமாயணத்தில் இருக்கவே இருக்காது" என்று பாய்பவரும் நோட்டு எழுதாதவர்தான். நாத்திக வாதத்தை முழுசாகப் பேசவிட்டுத்தான் அந்த நூல் பதில் சொல்கிறது.

இனி ஆக்கியோன் பெயர். இதற்குத் தனிக் கட்டம் போடாமல் வழியோடு சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இந்த நூல்களில் ஆசிரியர் பெயர் என்பது அட்டையில் அச்சடிக்கும் பெயர் மாதிரி இல்லை.

வேதத்துக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால் ஆஸ்திகர்களே ஒரே பதில் சொல்வதில்லை. வேத வாக்கியங்களுக்குப் பொருள் ஆராயும் மீமாம்சகர்களுக்கு அது அபௌருஷேயம். யாரும் செய்ததில்லை, கடவுள் உள்பட. "காடகம்" என்று வேதத்தின் ஒரு கிளைக்கு, அதாவது சாகைக்கு, பெயர் இருக்கிறதே, கடர் இயற்றியதால்தானே என்று எதிராளி கேட்டால், இயற்றியதால் இல்லை, எடுத்துச் சொல்லிப் பரப்பியதால் வந்த பெயர் என்கிறது ஜைமினி சூத்திரம். தர்க்கவாதிகளான நையாயிகர்களுக்கு இது சரிப்படவில்லை. சொல் என்றால் சொன்னவன் இருந்தாக வேண்டும், ஈசுவரன் சொன்னதால்தான் வேதம் பிரமாணம் என்பது அவர்கள் கட்சி. வேதத்தை ஏற்காத சார்வாகர்களோ கோமாளியும் எத்தனும் அரக்கனும் சேர்ந்து செய்தது என்று கேலி பேசினார்கள். அந்தக் கேலியும் நமக்குக் கிடைப்பது எதிராளியின் புத்தகத்தில். 14ஆம் நூற்றாண்டு மாதவாசாரியரின் சர்வதரிசன சங்கிரகத்தில். தோற்றவன் வாதத்தை ஜெயித்தவன் எழுதிவைத்தது என்று வழிக் கட்டத்தில் மறக்காமல் குறிக்க வேண்டும்.

ரிக் வேதத்தில் பத்து மண்டலங்களாக 1,028 சூக்தங்கள், அதாவது பாடல்கள். ஒவ்வொன்றுக்கும் ரிஷி, தேவதை, சந்தம் மூன்றையும் அனுக்கிரமணி என்ற பழைய அட்டவணை பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. 2 முதல் 7 வரையுள்ள மண்டலங்கள் குடும்பச் சொத்து: கிருத்ஸமதர், விசுவாமித்திரர், வாமதேவர், அத்ரி, பரத்வாஜர், வசிஷ்டர். பத்தாம் மண்டலத்தில் கோஷா, வாக் என்று பெண் பெயர்களும் உண்டு. நம்பிக்கையாளருக்கு இவர்கள் மந்திரத்தைக் கண்டவர்கள், ஆய்வாளருக்குப் பாடியவர்கள். நோட்டில் பெயரை மட்டும் எழுதுங்கள். கண்டாரா பாடினாரா என்று நோட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "வேதத்தின்படி உலகம் எப்படித் தோன்றியது?" என்று யாராவது கேட்டாலும் இதே பட்டியல்தான் கை கொடுக்கும். பத்தாம் மண்டலத்தில் மட்டும், 90இல் புருஷனைப் பலியிட்டதில் உலகம் வருகிறது. 121இல் பொற்கருவிலிருந்து வருகிறது. 129இல் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்கும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்று பாட்டு முடிகிறது.

ஒரு புரூஃப் ரீடராக இங்கே நான் எழுந்து நின்று கும்பிட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் ஒரு பாரத்துக்கு (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களுக்கு) மூன்று புரூஃப் பார்ப்போம், அப்படியும் பிழை நழுவும். வேத பாடசாலையில் எழுத்தே இல்லாமல் சோதித்தார்கள். கிரம பாடத்தில் ஒன்று–இரண்டு, இரண்டு–மூன்று என்று சொற்களைச் சங்கிலியாகக் கோப்பது. ஜடையில் ஒன்று–இரண்டு, இரண்டு–ஒன்று, ஒன்று–இரண்டு என்று முன்னும் பின்னும் பின்னுவது. கன பாடத்தில் அது இன்னும் நீளும். ஒரு சொல் இடம் மாறினால் அப்போதே காதில் இடிக்கும். அதனால்தான் மந்திரத் தொகுப்புகளான சங்கிதைகளில் பாடபேதம் மிகக் குறைவு. இதிகாச புராணங்களுக்கு இந்தக் காவல் கிடையாது. அவை கதை சொல்லிகளின் வாயில் வளர்ந்தவை.

வியாசர் விஷயத்துக்கு வருகிறேன். வேதத்தை வகுத்தார், பாரதம் செய்தார், பதினெண் புராணமும் அவரே என்பது மரபு. வியாசர் என்ற சொல்லுக்கே வகுப்பவர் என்றுதான் பொருள். விஷ்ணு புராணம் மூன்றாம் அம்சத்தைப் பாருங்கள்: துவாபர யுகத்துக்கு ஒருவராக 28 வியாசர்களைப் பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, கடைசியில் கிருஷ்ண துவைபாயனர் என்கிறது. மரபே அதை ஒரு நாற்காலியாகத்தான் பார்க்கிறது, உட்காருகிறவர் மாறுகிறார். அந்த விஷ்ணு புராணத்தைச் சொல்பவரும் வியாசர் இல்லை, அவருடைய அப்பா பராசரர், கேட்பவர் மைத்ரேயர். பாரதம் இன்னும் அடுக்கு: வியாசர் செய்தது, ஜனமேஜயனின் சர்ப்ப யாகத்தில் வைசம்பாயனர் சொன்னது, அதைக் கேட்ட கதைசொல்லியான சூதர் நைமிசாரண்யத்தில் சௌனகருக்குத் திரும்பச் சொன்னது. உபாக்கியானங்கள் என்ற கிளைக்கதைகள் இல்லாமல் 24,000 சுலோகம் என்று ஆதிபர்வமே சொல்கிறது. இலட்சம் என்பது வளர்ந்த பின் வந்த கணக்கு.

வளர்வது எப்படி என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. ஈய எழுத்து காலத்தில் ஒரு தோத்திரப் புத்தகம் எங்களிடம் அச்சுக்கு வந்தது. கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில், பதிப்பித்த பண்டிதர் தன் மனநிறைவுக்காகச் சொந்தமாக ஒரு சுலோகம் எழுதியிருந்தார். கம்பாசிட்டர் அதையும் கோத்துவிட்டார். சந்தம் சரியாக இருந்தது, எண்ணும் போட்டாயிற்று. நான் டிக் அடித்து அனுப்பிவிட்டேன். பண்டிதர் அச்சான புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தாராம், திருத்தச் சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து ஒரு உபந்நியாசத்தில் அந்தச் சுலோகம் புராதன வாக்காக ஒலித்தது. கூட்டம் கண்ணை மூடிக் கேட்டது. இடைச்செருகல் என்றதும் சதி செய்யும் ஆள் ஒருவரை நாம் கற்பனை செய்கிறோம். அன்று அந்த ஆள் நான்தான். எனக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே வழிக் கட்டத்துக்கு உதவுவது ஆய்வுப் பதிப்பு. புனே பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966 வரை, 1,259 சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்தைப் பதிப்பித்தது. தலைமைப் பதிப்பாசிரியர் சுக்தங்கர் 1943இல் காலமானார், வேலை நிற்கவில்லை. பிள்ளையார் தந்தத்தை ஒடித்து எழுதினார் என்று நாம் சொல்கிறோமே, வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதிய அந்தச் சம்பவமே அதில் மூலத்தில் இல்லை, பிற்சேர்க்கையில் இருக்கிறது. திரௌபதி கிருஷ்ணனைக் கூவி அழைக்கும் பகுதியும் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. சேலை வளர்வது மட்டும் மூலத்தில் நிற்கிறது. இதைக் கண்டதும் "எல்லாம் பொய்" என்று குதிக்க வேண்டாம். அந்தப் பதிப்பு, கிடைத்த சுவடிகளை வைத்து எட்ட முடிந்த மிகப் பழைய வடிவம், அவ்வளவுதான். வியாசர் கையெழுத்துப் பிரதி இல்லை. கும்பகோணம் பதிப்பைப் படித்தால் தெற்கத்திய பாடம் எவ்வளவு விரிவானது என்று தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கோடியில் பவிஷ்ய புராணம் இருக்கிறது. அதன் அச்சுப் பிரதியில் அக்பரும் வருகிறார், கல்கத்தாவும் வருகிறது. கடைசிப் புரூஃப் எப்போது போனது என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது.

எழுத்து ஒன்றாகவே இருந்து நம்பிக்கை பிரியும் இடம் எனக்கு மிகப் பிடித்தது. சாந்தோக்கியம் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவிடம் ஒன்பது தடவை சொல்கிறார். ஓலையில் சேர்த்து எழுதினால் "ஆத்மாதத்த்வமஸி". "ஆத்மா, தத் த்வம் அஸி" என்று பிரித்தால் நீ அதுவே. சங்கரர் இதில் அத்வைதம் காண்கிறார். ராமானுஜரும் அப்படியே பிரிக்கிறார், ஆனால் ஜீவன் பிரம்மத்துக்கு உடல் என்று பொருள் கொள்கிறார். மத்வரோ "ஆத்மா, அதத் த்வம் அஸி" என்று பிரிக்கிறார்: நீ அது அல்ல. நெடில் ஆவோடு குறில் அ சேர்ந்தால் வடமொழிச் சந்தியில் நெடில் ஆவே நிற்கும், ஆகையால் எழுத்தை வைத்து ஒருவரையும் தப்பென்று சொல்ல முடியாது. இதைப் படிக்கும்போது உரைகாரர் பெயர் இல்லாமல் பொருள் எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பு நூல்களில் பெரும்பாலானவை யார் உரையைத் தழுவியது என்று முன்னுரையில் ஓர் ஓரமாகச் சொல்லியிருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் திறப்பதில்லை.

புராணங்களுக்குள் யார் பெரியவர் என்ற வழக்கு தீராதது. லிங்க புராணத்தில் நரசிம்மரை அடக்கச் சிவன் சரபம் என்ற பறவையும் மிருகமும் கலந்த உருவத்தில் வருகிறார். திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபருக்குச் சன்னிதியே உண்டு. வைணவர் பக்கம் அதற்குப் பதிலாகக் கண்டபேரண்டம் என்ற இரட்டைத் தலைப் பறவை வருகிறது. நான் இங்கே நீதிபதி வேலை பார்ப்பதில்லை. "கேட்போர்" யார் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். இரண்டும் எப்படி உண்மையாகும் என்று கேட்டால் புராணம் சொல்லும் பௌராணிகர் கல்பபேதம் என்பார், கல்பம் என்றால் ஒரு படைப்புச் சுற்று: அது வேறு கல்பத்தில் நடந்தது, இது வேறு கல்பத்தில். கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் ஒன்றைப் பொய்யென்று கிழித்துப் போடாமல் இரண்டையும் அலமாரியில் வைத்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி அது.

நோட்டைப் பென்சிலால் எழுதுங்கள். என் லட்சுமணன் கோடு மூன்று தடவை அழிந்தது. வால்மீகி என்று எழுதினேன், இல்லை. கம்பன் என்று எழுதினேன், அங்கேயும் இல்லை; கம்பனில் ராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறான். துளசிதாசரில் மந்தோதரி ராவணனைக் குத்திக்காட்டும்போது "தம்பி கிழித்த சின்னக் கோட்டைக்கூடத் தாண்ட முடியவில்லையே" என்கிறாள். இப்போதைக்கு அதுதான் என் நோட்டில் இருக்கிறது.

போன வாரம் பேரன் கேட்டான், "தாத்தா, அணில் முதுகுல ராமர் கோடு போட்டது எந்தப் பக்கத்துல இருக்கு?" அவனுக்கும் தொற்றிவிட்டது. வால்மீகியிலும் கம்பனிலும் அணில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை 27ஆம் பாசுரத்தில் இருக்கிறது: குரங்குகள் மலையைத் தள்ள, அணில்கள் குளித்துப் புரண்டு ஓடிக் கடலடைக்கப் பார்க்கின்றன, "சலமிலா அணிலம்". ஆனால் பாசுரத்தில் கோடு இல்லை, ராமன் தடவிக்கொடுப்பதும் இல்லை. அதனால் இரண்டு வரியாகப் பிரித்து எழுதினோம். அணில்: திருமாலை, 27. கோடு: கேட்ட கதை. சொன்னவர் என்ற கட்டத்தில் அவன் தன் கையால் "பாட்டி" என்று எழுதினான்.